சீனி வருத்தத்துக்கு ஒரு கூட்டாளி

சலரோகம், நீரிழிவு, சீனி வருத்தம் என எந்தப் பெயரால் அழைத்தாலும், இந்த நோய்க்கான சிகிச்சையின் பெரும்பகுதி வைத்தியசாலைக்கு வெளியிலேயே நடக்கிறது. மாதம் ஒருமுறை கிளினிக் நாள் வரும். விடியற்காலையில் வெறும் வயிற்றோடு பஸ் ஏறி, இலக்கம் எடுத்து, இரத்தம் கொடுத்து, வாங்கில் காத்திருந்து, வைத்தியரைக் கண்டு, குளிசைகளை வாங்கிக்கொண்டு வீடு திரும்ப மத்தியானம் ஆகிவிடும். அன்று வைத்தியரோடு பேசக் கிடைப்பது சில நிமிடங்கள் மாத்திரமே. மிகுதி 29 நாட்களும் என்ன சமைப்பது, எவ்வளவு சாப்பிடுவது, எப்போது நடப்பது, காலில் வந்த சிறு கொப்புளத்தைக் காட்டுவதா விடுவதா என்ற முடிவுகளை நோயாளியே தனித்து எடுக்கிறார்.

அந்த 29 நாட்களில் கைகொடுக்கக்கூடிய ஒருவர் இருக்கிறார். அவர் அதே நோயோடு வாழும் இன்னொருவர். பக்கத்து வளவில் இருக்கலாம், கிளினிக் வரிசையில் முன்னால் நிற்கலாம், கடல் கடந்தும் இருக்கலாம். சலரோகம் உள்ளவர்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்வது ஆறுதலுக்கான விடயம் மாத்திரம்தான் என்று பலர் நினைக்கின்றனர். உண்மையில் அதற்கு நீண்ட வரலாறும் மருத்துவ ஆய்வுகளின் ஆதாரமும் உண்டு. யுத்தத்தால் அயலும் உறவும் சிதறிப்போன எமது மக்களுக்கு அது இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

கணக்கில் வராத இரு மாகாணங்கள்

இலங்கையில் சலரோகம் பற்றி அதிகம் எடுத்துக்காட்டப்படும் ஆய்வுகளில் ஒன்று 2005, 2006 ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்டது. வளர்ந்தவர்களில் ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்கு நோய் இருப்பதாகவும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கிற்கும் அதிகமானோர் தமக்கு நோய் இருப்பதையே அறியாதிருந்ததாகவும் அது கண்டது. ஆனால் அந்த ஆய்வு 9 மாகாணங்களில் 7 மாகாணங்களில் மாத்திரமே நடந்தது. யுத்தம் காரணமாக வடக்கும் கிழக்கும் சேர்க்கப்படவில்லை. நாடு தன் நோயாளிகளை எண்ணிக்கொண்டிருந்த காலத்தில் எமது நோயாளிகள் எண்ணப்படாமலே இருந்தனர்.

அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது எமக்குத் தெரியும். 1990 இல் தொடங்கி யாழ்ப்பாணக் குடாநாடு பல ஆண்டுகள் மின்சாரம் இன்றி இருந்தது. பொருளாதாரத் தடையால் மருந்துகளுக்கும் தட்டுப்பாடு நிலவியது. இன்சுலின் குளிரில் வைக்கவேண்டிய மருந்து. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோதும், 2009 இல் வன்னி மக்கள் முள்ளிவாய்க்கால் வரை ஒதுங்கிப் பின்னர் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டபோதும், கிளினிக் கொப்பியும் குளிசைப் பையும் எத்தனையோ பேரின் கையில் இருந்து தவறிப் போயின. நிவாரணமாகக் கிடைத்த அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி என்பவற்றில் சலரோகக்காரர் தெரிந்தெடுக்கக் கூடியது அதிகம் இருக்கவில்லை.

யுத்தம் முடிந்த பின்னரும் உடல் அதை மறப்பதில்லை. நீண்டகால மன அழுத்தமும் நித்திரையின்மையும் இரத்தத்தில் சீனியின் அளவை உயர்த்தக்கூடியவை. சலரோகம் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு ஏற்படும் வாய்ப்பு ஏனையோரை விட ஏறத்தாழ இரு மடங்கு என்பது பல ஆய்வுகளின் முடிவு. மனம் சோர்ந்தவர் குளிசையை மறக்கிறார், நடப்பதை நிறுத்துகிறார், கிளினிக் நாளைத் தவறவிடுகிறார். வடக்கின் உளநலம் குறித்துப் பல ஆண்டுகள் எழுதிவரும் உளமருத்துவர் தயா சோமசுந்தரம், யுத்தம் தனி மனிதர்களை மாத்திரமன்றி குடும்பத்தையும் ஊரையும் பிணைத்திருந்த உறவுகளையும் நம்பிக்கையையும் சேர்த்தே குலைத்தது என்பதைக் கூட்டு மனவடு என்ற கருத்தின் மூலம் விளக்கியிருக்கிறார். சலரோகம் போன்ற நாட்பட்ட நோய்க்கு வேண்டப்படுவதும் அதே உறவுகள்தான். எனவே அவற்றை மீளக் கட்டுவது சிகிச்சையின் ஒரு பகுதி.

ஷங்காயில் ஒரு தம்பதியர்

யுத்தத்துக்குள் சலரோகக்காரர்கள் ஒருவரையொருவர் காப்பாற்றிய கதைகளில் மிகவும் அறியப்பட்டது ஈவா சக்ஸ்ல், விக்டர் சக்ஸ்ல் தம்பதியரின் கதை. யூதர்களான இவர்கள் நாசிகளுக்குத் தப்பி, இன்றைய செக் நாட்டின் தலைநகரான பிராக்கில் இருந்து சீனாவின் ஷங்காய் நகருக்கு அகதிகளாக வந்தவர்கள். அங்கு வந்த பின்னரே ஈவாவுக்குச் சலரோகம் இருப்பது தெரியவந்தது. அது இன்சுலின் இல்லாமல் உயிர்வாழ முடியாத முதலாம் வகை. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை நகரம் முழுவதையும் கைப்பற்றிய பின்னர் மருந்துக்கடைகள் மூடப்பட்டன. இன்சுலின் கள்ளச் சந்தைக்குப் போனது.

விக்டர் வைத்தியர் அல்லர், நெசவுத் தொழிற்றுறைப் பொறியியலாளர். கையில் அகப்பட்ட ஒரு மருத்துவப் பாடநூலில், 1921 இல் கனடாவின் ரொறன்ரோ நகரில் பிரெட்ரிக் பாண்டிங்கும் சார்ள்ஸ் பெஸ்டும் விலங்கின் கணையத்தில் இருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்த முறை எழுதப்பட்டிருந்தது. அதை வைத்துக்கொண்டு, ஒரு சீன விஞ்ஞானி திறந்துவிட்ட ஆய்வுகூடத்தில், நீர் எருமைகளின் கணையத்தில் இருந்து இருவரும் இன்சுலின் செய்ய முயன்றார்கள். பல தடவை பிழைத்து, முயல்களில் பரிசோதித்து, இறுதியில் கபில நிறமான ஒரு திரவம் கிடைத்தது. மனிதரில் அது எப்படி வேலை செய்யும் என்பது யாருக்கும் தெரியாது. ஈவா முதலில் தனக்கே அதை ஏற்றிக்கொண்டார்.

அது வேலை செய்தது. அதன் பின்னர் அவர்கள் செய்ததுதான் இங்கே முக்கியம். கிடைத்த இன்சுலினைத் தமக்கென்று ஒளித்துவைக்காமல், அங்கு அடைபட்டிருந்த ஏனைய சலரோகக்காரர்களுக்கும் பங்கிட்டார்கள். 200க்கும் மேற்பட்டோர் அந்த இன்சுலினால் யுத்தம் முடியும்வரை உயிர்வாழ்ந்தனர். யுத்தத்தின் பின் அமெரிக்காவுக்குச் சென்ற ஈவா, சலரோகம் உள்ளவர்களுக்காகப் பல ஆண்டுகள் மேடைகளில் பேசினார். 2002 இல் சிலி நாட்டில் காலமானார். அறுபது ஆண்டுகளுக்கும் மேல் அவர் இந்த நோயோடு வாழ்ந்தார்.

ஒரு வைத்தியரும் ஓர் எழுத்தாளரும்

சலரோகக்காரர்கள் சங்கமாகச் சேர்வதும் புதிய விடயம் அல்ல. இன்சுலின் வந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே, 1926 இல், போர்த்துக்கல் நாட்டில் ஏழை நோயாளிகளுக்கு இன்சுலின் கிடைக்கச் செய்வதற்காக வைத்தியர் ஏர்னெஸ்டோ ரோமா ஒரு சங்கத்தைத் தொடங்கினார். உலகின் மிகப் பழைய சலரோகச் சங்கம் அதுவே.

பிரித்தானியாவில் 1934 இல் தொடங்கிய சங்கத்தை நிறுவிய இருவருமே நோயாளிகள். ஒருவர் ஆர். டி. லோறன்ஸ் என்ற வைத்தியர். இன்சுலின் இல்லாத காலத்தில் நோய்வாய்ப்பட்டு, இனித் தப்பமாட்டேன் என்ற எண்ணத்தோடு இத்தாலியின் புளோரன்ஸ் நகருக்குப் போயிருந்தவர். 1923 இல் இலண்டனில் இருந்த சக வைத்தியர் ஒருவர், இன்சுலின் வந்துவிட்டது, உடனே திரும்பி வா என்று தந்தி அடித்ததால் உயிர் பிழைத்தார். மற்றவர் அவரிடம் சிகிச்சை பெற்ற எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ். வசதி உள்ளவர், இல்லாதவர் என்ற பேதம் இன்றி எல்லாச் சலரோகக்காரர்களும் சிகிச்சை பெறவேண்டும் என்பது அவர்களின் நோக்கம். பிரித்தானியாவின் இலவச தேசிய சுகாதார சேவை பிறந்தது அதற்கு 14 ஆண்டுகளின் பின், 1948 இல்தான். இன்று அந்நாட்டில் வாழும் எமது உறவுகள் பலரும் பயன்பெறும் ‘டயபீற்றிஸ் யூகே’ அமைப்பு அந்தச் சங்கத்தின் தொடர்ச்சியே.

பாண்டிங்கின் பிறந்த நாளான நவம்பர் 14 உலக சலரோக தினமாக 1991 முதல் அனுட்டிக்கப்படுகிறது. 2006 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையும் அந்த நாளை ஏற்றுக்கொண்டது.

ஆய்வுகள் சொல்வது என்ன?

நோயாளிகளின் நட்பு உண்மையில் சீனியைக் குறைக்குமா? இதை அளவிட்டுப் பார்த்த ஆய்வுகள் உள்ளன. அவற்றைப் புரிந்துகொள்ள ஒரு பரிசோதனையின் பெயரைத் தெரிந்திருந்தால் போதும். எச்பிஏ1சி எனப்படும் இரத்தப் பரிசோதனை, கடந்த 2 முதல் 3 மாதங்களில் சீனி சராசரியாக எந்த அளவில் இருந்தது என்பதைக் காட்டுகிறது. கிளினிக்குக்கு முதல் நாள் மாத்திரம் பத்தியம் இருந்து அதை ஏமாற்ற முடியாது. பெரும்பாலானோருக்கு 7 வீதத்துக்குக் கிட்ட இருப்பது நல்லது.

அமெரிக்காவில் முன்னாள் படையினருக்கான இரு வைத்தியசாலைகளில், சீனி கட்டுப்பாட்டில் இல்லாத 244 ஆண்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்து 2010 இல் வெளியானது. ஒரு பகுதியினரை இருவர் இருவராகச் சோடி சேர்த்து, கிழமைக்கு ஒருமுறை தொலைபேசியில் பேசிக்கொள்ளச் சொன்னார்கள். மற்றப் பகுதியினருக்கு வழக்கம்போல் பயிற்சி பெற்ற தாதியின் கவனிப்பு வழங்கப்பட்டது. 6 மாதங்களின் பின் சோடி சேர்ந்தவர்களின் எச்பிஏ1சி சராசரியாக 8.02 இலிருந்து 7.73 ஆகக் குறைந்தது. தாதியின் கவனிப்பில் இருந்தவர்களுக்கோ 7.93 இலிருந்து 8.22 ஆக ஏறியது. சோடி சேர்ந்தவர்களில் 8 பேர் தேவை உணர்ந்து இன்சுலின் ஏற்றத் தொடங்கினர். மற்றப் பகுதியில் ஒருவரே தொடங்கினார். ஊசிக்குப் பயந்திருந்தவரின் பயத்தை, ஊசி ஏற்றிப் பழகிய இன்னொருவரின் வார்த்தை போக்கக்கூடும் என்பதை விளங்கிக்கொள்வது கடினம் அல்ல.

இந்த ஆய்வில் ஒரு விடயத்தைக் கவனிக்கவேண்டும். அந்தச் சோடிகளில் ஒருவர் ஆசிரியர், மற்றவர் மாணவர் என்ற பிரிவு இருக்கவில்லை. இருவரும் நோயாளிகள், இருவருக்கும் சீனி கூட. ஒருவருக்கு ஒருவர் உதவினார்கள். உதவி பெறுவதைப் போலவே உதவி கொடுப்பதும் உடலுக்கு நன்மை தருகிறது என்பதே அதன் அடிப்படை.

2012 இல் வெளியான இன்னோர் ஆய்வு 118 கறுப்பின முன்னாள் படையினரை மூன்றாகப் பிரித்தது. ஒரு பகுதியினருக்கு, முன்னர் சீனி கட்டுப்பாடின்றி இருந்து பின்னர் தேறிய ஒருவர் வழிகாட்டியாகக் கிடைத்தார். இரண்டாம் பகுதியினருக்கு, சீனியைக் குறைத்தால் பணம் தருவதாகச் சொல்லப்பட்டது. மூன்றாம் பகுதியினருக்கு வழமையான சிகிச்சை. 6 மாதங்களில் வழிகாட்டி பெற்றவர்களின் எச்பிஏ1சி 9.8 இலிருந்து 8.7 ஆகக் குறைந்தது. பணத்துக்காக முயன்றவர்களுக்கு 9.5 இலிருந்து 9.1. வழமையான சிகிச்சையில் இருந்தவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

இதை மந்திரம் என்று எண்ணவும் கூடாது. கேரளாவில் சலரோகம் வரக்கூடிய ஆபத்தில் இருந்த 1,007 பேரை வைத்து, ஊர் மக்களே தலைமை தாங்கிய குழுக்களைக் கொண்டு நடத்திய ஆய்வில், 2 ஆண்டுகளின் பின் நோய் வந்தவர்களின் தொகையில் உறுதியாகச் சொல்லக்கூடிய வேறுபாடு கிடைக்கவில்லை. மதுப் பாவனை குறைந்தது, பழமும் மரக்கறியும் உண்பது கூடியது என்பவையே அதன் நன்மைகள். கூட்டாளி மருந்துக்குப் பதில் அல்லர். மருந்து ஒழுங்காக உடலில் சேர்வதற்கு அவர் உதவுகிறார்.

கம்போடியாவின் வழி

எம்மைப் போலவே பேரழிவைக் கண்ட நாடு கம்போடியா. 1975 முதல் 1979 வரையான கெமர் றூஜ் ஆட்சியில் வைத்தியர்களையும் வைத்தியசாலைகளையும் இழந்த அந்நாட்டில், நாட்பட்ட நோய்களுக்கான சிகிச்சை நீண்ட காலம் ஏழைகளுக்கு எட்டாததாக இருந்தது. 2004 இல் தலைநகர் புனோம்பென்னின் சேரிகளில் ‘மோபொற்சியோ’ என்ற அமைப்பு வேலையைத் தொடங்கியது. சலரோகம் உள்ள சாதாரண மக்களைத் தெரிந்து, பயிற்சி கொடுத்து, அவர்களையே தத்தமது பகுதியின் வழிகாட்டிகள் ஆக்கியது. மலிவான சிறுநீர்ப் பரிசோதனைத் தாள்களைக் கொண்டு அயலில் நோய் உள்ளவர்களைக் கண்டறிவதும், உணவு பற்றிச் சொல்லிக்கொடுப்பதும் அந்த வழிகாட்டிகளின் பணி. சுழற்சி நிதி ஒன்றின் மூலம் குறைந்த விலையில் மருந்து கிடைக்கவும் ஒழுங்கு செய்யப்பட்டது. பின்னர் இது கிராமப்புற மாகாணங்களுக்கும் பரவியது.

இலங்கையில் கிளினிக்கும் மருந்தும் இலவசம் என்பதால் எமது தொடக்கம் அவர்களுடையதை விட மேலானது. ஆனால் 2022 பொருளாதார நெருக்கடியின்போது அரச வைத்தியசாலைகளில் மருந்து தீர்ந்து பாமசியில் வாங்கவேண்டி வந்ததும், எரிபொருள் இன்றிக் கிளினிக்குக்கே போக முடியாமல் போனதும் எமக்கு நினைவிருக்கிறது. அப்படியான நாட்களில் அயலில் யாருக்கு என்ன மருந்து முடிகிறது, எந்தப் பாமசியில் அது இருக்கிறது என்பதை அறிந்த ஒரு சிறு குழு இருப்பது பெரிய உதவி.

எமது ஊரில் எப்படித் தொடங்கலாம்?

இதற்குப் பதிவும் பதவியும் தேவையில்லை. கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருப்பவரோடு இலக்கத்தைப் பரிமாறிக்கொண்டால் இருவர் சேர்ந்தாயிற்று. ஊரில் 6 முதல் 10 பேர் சேர்ந்தால் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கட்டடத்திலோ, சனசமூக நிலையத்திலோ, கோவில், தேவாலய, பள்ளிவாசல் மண்டபத்திலோ மாதம் ஒருமுறை கூடலாம். சீட்டுக் கட்டவும் மரணச் சடங்குக்கு உதவவும் சங்கம் வைத்துப் பழகிய ஊர்கள் எம்முடையவை. பின்வரும் வேலைகளில் இருந்து தொடங்கலாம்.

கிழமைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. “குளிசை போட்டாச்சே? காலைப் பாத்தனீங்களே? நித்திரை வந்ததே?” என்ற மூன்று கேள்விகள் போதும். ஒருவர் கேட்டால் மற்றவரும் திருப்பிக் கேட்கவேண்டும்.

காலைப் பார்ப்பது. சலரோகம் நாட்பட்டால் பாதத்தில் உணர்ச்சி குறைகிறது. முள் குத்தினாலும் செருப்பு வெட்டினாலும் தெரியாது. காயம் பழுதாகி விரலையோ காலையோ அகற்றும்வரை போகிறது. யுத்தத்தில் ஒரு காலை இழந்து செயற்கைக் காலோடு நடப்பவருக்குச் சலரோகமும் வந்தால், மிஞ்சியிருக்கும் கால்தான் அவரின் உழைப்பும் நடமாட்டமும். அந்தக் காலோடு, செயற்கைக் கால் பொருந்தும் இடத்தையும் தினமும் பார்க்கவேண்டும். குனிய முடியாதவர், பார்வை குறைந்தவர் தன் உள்ளங்காலைத் தானே பார்க்க முடியாது. விரல் இடுக்குகளையும் சேர்த்து இன்னொருவர் பார்க்கட்டும். கொப்புளம், வெடிப்பு, நிறமாற்றம், சூடு எது தெரிந்தாலும் கிளினிக் நாள்வரை காத்திராமல் வைத்தியரிடம் காட்டவேண்டும். திருவிழாக் காலத்தில் கொதிக்கும் மணலில் வெறுங்காலோடு பிரதட்டை செய்வது உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு ஆபத்து. வெயில் ஏறும் முன்னரோ பொழுது சாய்ந்த பின்னரோ கூட்டாகப் போகலாம்.

சீனி இறங்கும்போது துணை. இன்சுலின் ஏற்றுபவர்களுக்கும், கிளிக்கிளசைட் போன்ற சில குளிசைகள் எடுப்பவர்களுக்கும் சாப்பாடு பிந்தினால் சீனி அளவுக்கு மீறி இறங்கலாம். நடுக்கம், வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, தடுமாற்றம், காரணம் இல்லாத கோபம் என்பன அதன் அறிகுறிகள். மீற்றர் இருந்து 70 மில்லிகிராமுக்குக் கீழே காட்டினால், அல்லது மீற்றர் இல்லாமல் அறிகுறி தெரிந்தால், 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கவேண்டும். 15 நிமிடத்தில் தேறாவிட்டால் மீண்டும் கொடுக்கவேண்டும். தேறியதும் சாப்பாடு கொடுக்கவேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. பக்கவாட்டில் கிடத்தி உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும். தனியே இருப்பவரின் அயலவருக்கு இதைச் சொல்லிவைப்பது ஓர் உயிரைக் காக்கும். கந்தசஷ்டி, நோன்பு போன்ற விரதங்களைப் பிடிக்க விரும்புவோர் முன்னரே வைத்தியரிடம் கேட்பதும், விரத நாட்களில் கூட்டாளியின் கண்பார்வையில் இருப்பதும் நல்லது.

சேர்ந்து சமைத்துப் பார்ப்பது. புட்டும் இடியப்பமும் பாணும் எமது மேசையை விட்டுப் போகப்போவதில்லை. அவற்றின் அளவைக் குறைத்து, கோப்பையில் பாதியை மரக்கறிக்கும் கீரைக்கும் விட்டு, கால் பங்கில் சோறோ புட்டோ, கால் பங்கில் மீனோ முட்டையோ பருப்போ வைப்பதே நடைமுறைக்கு ஏற்ற வழி. குரக்கன் பிட்டும் குத்தரிசிச் சோறும் நல்லவைதான், ஆனால் அவையும் அளவாகவே. பனங்கட்டியும் சீனியே. இதைத் துண்டுப்பிரசுரத்தில் வாசிப்பதை விட, அதே கடையில் அதே காசுக்குச் சாமான் வாங்கும் இன்னொருவரின் கோப்பையைப் பார்த்துக் கற்பது இலகு.

இன்சுலினைக் காப்பது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் வைக்கவேண்டும், உறையவிடக் கூடாது. குளிர்சாதனப் பெட்டி உள்ள வீட்டவர் இல்லாதவரின் போத்தலைப் பெயர் எழுதி வைத்துக்கொடுக்கலாம். பாவனையில் உள்ள போத்தலை ஈர மணலுக்குள் வைத்த மண்பானையில் பாதுகாப்பது பல வெப்ப நாடுகளில் வழக்கம். கென்யாவின் டடாப் அகதி முகாமின் வெப்பநிலையை வைத்து எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் செய்து 2021 இல் வெளியிட்ட ஆய்வு, 25 முதல் 37 பாகை வரை ஏறி இறங்கும் வெப்பத்திலும் இன்சுலின் 4 கிழமைகள் தன் வீரியத்தை இழக்கவில்லை என்று கண்டது. மின்சாரம் நின்றுவிட்டது என்பதற்காக ஊசியை நிறுத்தவேண்டாம்.

கொப்பியின் படம். கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து கூட்டாளிக்கும் அனுப்பிவையுங்கள். வெள்ளம் வந்தாலும், கொப்பி தொலைந்தாலும் மருந்தின் பெயரும் அளவும் தப்பும்.

நட்பு செய்யக்கூடாதவை

அன்பினாலேயே தீங்கு நேர்வதும் உண்டு. முதலாவது, குளிசையைக் கைமாற்றுவது. ஒருவருக்குப் பொருந்திய மருந்து சிறுநீரகம் பழுதான இன்னொருவருக்கு நஞ்சாகலாம். யாரிடம் என்ன தீர்ந்தது என்று அறிந்து வைத்தியசாலைக்குத் தெரிவிப்பது உதவி, தன் குளிசையைக் கொடுப்பது உதவி அல்ல.

இரண்டாவது, ஊசியைப் பகிர்வது. விரல் குத்தும் ஊசியும் அதைப் பொருத்தும் கருவியும் ஆளுக்கு ஆள் வேறாக இருக்கவேண்டும். இன்சுலின் பேனாவை ஊசி மாற்றியும் இன்னொருவர் பாவிக்கக் கூடாது. ஈரல் அழற்சி போன்ற தொற்றுக்கள் இவ்வழியாகப் பரவுகின்றன.

மூன்றாவது, பாகற்காய்ச் சாறும் வெந்தயமும் தனக்குச் சுகம் தந்ததாகச் சொல்லி மற்றவரின் மருந்தை நிறுத்தவைப்பது. முதலாம் வகைச் சலரோகம் உள்ளவர் இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களுக்குள் உயிருக்கே ஆபத்து நேரும். கைமருந்து எடுப்பவர் அதை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

நான்காவது, குற்றம் சாட்டுவது. சீனி கூடிவிட்டது என்று சொல்பவரிடம் “வாயைக் கட்டத் தெரியாதே?” என்று கேட்டால், அடுத்த முறை அவர் உண்மையைச் சொல்லமாட்டார். காய்ச்சல், கவலை, நித்திரையின்மை, மருந்தின் அளவு எதுவும் சீனியைக் கூட்டலாம். கூட்டத்தில் பேசியது கூட்டத்தோடே இருக்கவேண்டும். கதை ஊருக்குப் போகும் என்ற பயம் வந்தால் குழு அன்றே முடிந்துவிடும்.

யாரைத் தேடிப் போகவேண்டும்?

தானாக வராதவர்களுக்கே கூட்டாளி அதிகம் தேவை. கணவனை யுத்தத்தில் இழந்து அல்லது காணாமல் ஆக்கப்பட்ட நிலையில் குடும்பத்தைத் தனித்துச் சுமக்கும் பெண்கள், கூலி நாளை இழக்க முடியாமல் கிளினிக்கைத் தவறவிடுகிறார்கள். பிள்ளைகள் சாப்பிட்ட பின் மிஞ்சியதைச் சாப்பிடுகிறார்கள். அப்படியான இருவர் முறைவைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் இருவரும் கிளினிக்குப் போகலாம்.

முதலாம் வகைச் சலரோகம் உள்ள சிறுவர்களும் இருக்கிறார்கள். பாடசாலையில் ஊசி ஏற்றுவதை மறைக்கும் பிள்ளை, கலியாணப் பேச்சில் நோயை மறைக்கச் சொல்லப்படும் பெண்பிள்ளை ஆகியோருக்கு, அதே நோயோடு படித்து, தொழில் செய்து, பிள்ளை பெற்று வாழும் ஒருவரைக் காண்பது எந்த ஆலோசனையையும் விடப் பயன் தரும். தாய்மாருக்கும் அப்படியே.

பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில் இருக்க, பெரிய வீட்டில் தனித்திருக்கும் முதியவர்கள் இன்னொரு சாரார். காசு வருகிறது, தினமும் வீடியோ அழைப்பும் வருகிறது. உள்ளங்காலைப் பார்க்கத்தான் ஆள் இல்லை. புலம்பெயர்ந்தவர்களுக்கும் இந்த நோய் அந்நியம் அல்ல. பிரித்தானியாவில் தெற்காசியப் பின்னணி கொண்டவர்களுக்கு இரண்டாம் வகைச் சலரோகம் வரும் ஆபத்து வெள்ளையினத்தவரை விட 2 முதல் 4 மடங்கு அதிகம் எனக் கணிக்கப்படுகிறது. ஊரில் உள்ள அக்காவுக்கும் இலண்டனில் உள்ள தம்பிக்கும் ஒரே நோய் என்றால், அவர்கள் இருவருமே ஒரு சோடி. அமெரிக்க ஆய்வில் சோடிகள் பேசியதும் தொலைபேசியில்தான். “காசு கிடைச்சதே?” என்ற கேள்வியோடு “இண்டைக்கு நடந்தனியளே? நானும் நடந்தனான்” என்று ஒரு வார்த்தையும் சேரலாம்.

சலரோகம் வாழ்நாள் முழுவதும் கூட வரும் நோய். இடம்பெயர்வும் இழப்பும் எம்மில் பலரைத் தனியாளாக்கி விட்டிருக்கின்றன. மருந்தைத் தருவதும் அளவைத் தீர்மானிப்பதும் வைத்தியரின் பணி. அதை நாள்தோறும் எடுத்துக்கொண்டு நடமாடும்படி ஒருவரையொருவர் வைத்திருப்பதை நாமே செய்யலாம். அடுத்த கிளினிக் நாளில் வாங்கில் பக்கத்தில் இருப்பவரின் பெயரைக் கேளுங்கள், இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அந்தக் கிழமைக்குள்ளேயே ஒருமுறை எடுத்துப் பேசுங்கள்.